மலாக்காவின் பெயர் கொண்ட நத்தை



நண்பகல் வெயிலில் காய்ந்து கிடக்கும் ஒரு கரும்பாறையின் மேல் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். இரண்டு விநாடிக்கு மேல் தாங்காது. அதே பாறையில், மிளகைவிடச் சற்றுப் பெரிய நத்தை ஒன்று காலையிலிருந்து அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். நிழல் தேடி ஓடாது. நீரைத் தேடியும் இறங்காது. நீங்கள் அதைச் செத்துப்போன ஓடு என்று நினைத்துக் கடந்து போவீர்கள்.

அது உயிரோடுதான் இருக்கிறது. அதன் அறிவியல் பெயர் எக்கினோலிட்டோரினா மலக்கானா. பெயரின் இரண்டாம் பகுதியை மறுபடியும் சொல்லிப் பாருங்கள். ஆம், நம் மலாக்காவேதான். ஃபிலிப்பி என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1847-இல் இந்த நத்தையை விவரித்து, நம் ஊரின் பெயரை அதற்குச் சூட்டினார். ஹாங்காங், சிங்கப்பூர், புருணை எனப் பல இடங்களின் பாறைக்கரைகளில் இது வாழ்கிறது. உலகின் எந்த மூலையில் ஓர் ஆய்வாளர் இதைப் பற்றி எழுதினாலும் மலாக்காவின் பெயரை எழுதித்தான் ஆகவேண்டும்.

இவ்வாரப் பாடம் இந்த நத்தை வாழக்கூடிய இடத்தைப் பற்றியது. கடைகள் இல்லாத, மணல் அதிகம் இல்லாத, குளிக்க வருவோர் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காத பாறைக் கடற்கரையைப் பற்றியது.

எங்கே இருக்கிறது?

மலாக்கா மாநில வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடமேற்கே லிங்கி ஆறு எல்லையாக இருக்கும். அந்த ஆற்றைக் கடந்தால் நெகிரி செம்பிலான். ஆனால் ஆற்றுக்கு அப்பால், போர்ட்டிக்சன் கடற்கரையில், கடலுக்குள் மூக்கு நீட்டியது போல ஒரு சிறு நிலத்துண்டு மலாக்காவுக்குச் சொந்தமாக இருக்கிறது. அதுதான் தஞ்சோங் துவான். நிலப்பக்கம் முழுவதும் நெகிரி செம்பிலான் சூழ்ந்திருக்க, நடுவில் நம் மாநிலத்தின் ஒரு துண்டு.

போர்த்துகீசியர் இதை காபோ ராச்சாடோ என்றனர். ‘பிளந்த முனை’ என்று பொருள். 1511-இல் மலாக்காவைப் பிடித்த அவர்கள், அதே நூற்றாண்டில் இம்முனையில் ஒரு கலங்கரை விளக்கம் அமைத்தனர். இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கோபுரம் 1863-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1606-இல் டச்சுக்காரர்களும் போர்த்துகீசியரும் இம்முனைக்கு அருகில் கடற்போர் நடத்தினர். இத்தனை வரலாறு நடந்தும் முனையின் மேலுள்ள காடு தப்பிப் பிழைத்திருக்கிறது. இன்று அது காப்புக்காடு. பரப்பளவு நூறு ஹெக்டேருக்கும் குறைவுதான்.

நுழைவாயிலிலிருந்து கலங்கரை விளக்கம் வரை தார்ச்சாலையில் நடக்கலாம். அங்கிருந்து கடலுக்கு இறங்குவது காட்டுப்பாதை. மரவேர்களே படிக்கட்டுகள். ஹங் துவாவின் காலடி என்று மக்கள் சொல்லும் குழி ஒன்றும் இம்முனையில் உண்டு. கீழே இறங்கியதும் முதலில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இங்கே வெறும் கல்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள்.

நம் பிள்ளைகளில் பலருக்குக் கடல் என்றால் கிளேபாங் மணல்வெளியும் தேங்காய் ஷேக்கும்தான். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் மாணவர்களிடம் பாறைக்கரையைப் பார்த்ததுண்டா என்று கேட்டால், ஒரு வகுப்பில் இரண்டு மூன்று கைகள்தாம் உயரும். அதில் வியப்பும் இல்லை. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் சேறும் சதுப்புநிலக் காடும்தாம் அதிகம். பாறை முனைகள் குறைவு. மலாக்கா நகரக் கரையோ பலமுறை மண் நிரப்பிக் கடலுக்குள் நகர்த்தப்பட்டிருக்கிறது. ஏ ஃபமோசா கோட்டை வாசல் ஒருகாலத்தில் கடலோரம் இருந்தது. இன்று அங்கே நின்றால் கடல் தெரியாது. வணிக வளாகங்கள்தாம் தெரியும்.

பாறை ஏன் இங்கே மட்டும்?

அலை எல்லா இடத்தையும் அரிக்கிறது. மென்மையான மண்ணும் பாறையும் சீக்கிரம் கரைந்து உள்வாங்கும். கடினமான பாறை தாக்குப்பிடிக்கும். காலப்போக்கில் கடினமான பகுதி மட்டும் கடலுக்குள் நீண்டு நிற்கும். அதுவே முனை. மலாய் மொழியில் தஞ்சோங்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆழம் குறையும்போது அலையின் வேகம் குறையும். முனைக்கு எதிரே ஆழம் முதலில் குறைவதால் அலைகள் வளைந்து முனையை நோக்கிக் குவிகின்றன. நான்காம் படிவ இயற்பியலில் நீங்கள் படிக்கும் ‘அலை விலகல்’ இதுதான். முனையில் அலையின் ஆற்றல் குவிவதால் மணல் தங்காது. இரு பக்கத்து வளைகுடாக்களில் ஆற்றல் பரவிப்போவதால் அங்கே மணல் தங்கும். போர்ட்டிக்சனில் நீங்கள் குளிக்கும் மணற்கரையும், சற்றுத் தள்ளியிருக்கும் பாறைக்கரையும் ஒரே விதியின் இரண்டு விளைவுகள்.

கடலின் கடிகாரம்

பாறைக்கரைக்குப் போகுமுன் பார்க்கவேண்டியது நீரேற்ற அட்டவணை. ஆயேர் பாசாங், ஆயேர் சூருட் என்று நம் வட்டார மீனவர்கள் சொல்லும் நீர் ஏற்றமும் வற்றமும் நிலாவின் ஈர்ப்பாலும் சூரியனின் ஈர்ப்பாலும் நடப்பவை. நம் கரையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை 9 மணிக்கு வற்றினால், நாளை ஏறத்தாழ 9.50-க்கு வற்றும்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் வருகின்றன. இரண்டு ஈர்ப்பும் சேர்ந்து இழுப்பதால் நீர் மிக உயரமாக ஏறும். மிகத் தாழ்வாக வற்றவும் செய்யும். அரைநிலா நாட்களில் வேறுபாடு குறைவு. வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி பார்த்து, அதையொட்டிய ஓரிரு நாட்களைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அட்டவணையில் வற்றும் நேரத்தைச் சரிபாருங்கள். அந்நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கரையில் இருக்கவேண்டும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. நீர் ஏறும் ஆறு மணி நேரமும் ஒரே வேகத்தில் ஏறாது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, ஐந்தாவதில் 2, ஆறாவதில் 1 பங்கு என்று கடலோடிகள் தோராயமாகக் கணிப்பார்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு 2 மீட்டர் என்றால் ஒரு பங்கு சுமார் 17 சென்டிமீட்டர். முதல் மணியில் 17 சென்டிமீட்டர் மட்டும் ஏறிய நீர், மூன்றாம் மணியில் மட்டும் அரை மீட்டர் ஏறிவிடும். ‘நீர் மெதுவாகத்தானே ஏறுகிறது’ என்று ஏமாந்து பாறை நடுவே சிக்கிக்கொள்வோர் இந்தக் கணக்கை அறியாதவர்கள்தாம்.

மூன்று மாடிக் குடியிருப்பு

நீர் வற்றிய பிறகு பாறையை மேலிருந்து கீழாகப் பாருங்கள். நிறம் பட்டை பட்டையாக மாறும். இது தற்செயல் அன்று. உயரத்துக்கு ஏற்ப அங்கே குடியிருப்போர் மாறுகிறார்கள்.

மேல்மாடி: அலைத்துளி மட்டும் தெறிக்கும் இடம். நம் மலாக்கா நத்தையும் அதன் உறவினர்களும் வாழ்வது இங்கேதான். வெப்பமண்டலக் கரைகளில் வெயில் நேரப் பாறையின் வெப்பம் 50 பாகை செல்சியஸையும் தாண்டும். அதை இந்த நத்தை மூன்று வழிகளில் சமாளிக்கிறது. ஒன்று, காலை உள்ளே இழுத்து, ஓட்டின் வாயைத் தன் மூடியால் அடைத்து ஈரத்தைக் காக்கிறது. இரண்டு, ஓட்டின் விளிம்பைச் சளியால் பாறையில் ஒட்டிக்கொள்கிறது. சூடான பாறையைத் தொடும் பரப்பு மிகக் குறைந்துவிடுகிறது. வெப்பக் கடத்தலைக் குறைக்கப் பாத்திரத்தின் கைப்பிடியை நுனிவிரலால் பிடிப்பீர்களே, அது போலத்தான். மூன்றாவதுதான் பெரிய வியப்பு. பொதுவாகக் குளிர் இரத்த உயிரிகளில், வெப்பம் 10 பாகை கூடினால் உடலின் ஆற்றல் செலவு ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனால் புருணையில் இந்த நத்தையை ஆராய்ந்தவர்கள், 35 பாகைக்கு மேல் நாற்பதுகளின் நடுப்பகுதி வரை அதன் ஆற்றல் செலவு அப்படி ஏறாமல் அடங்கியே இருப்பதைக் கண்டு 2011-இல் வெளியிட்டனர். வருமானம் இல்லாத நாளில் அடுப்பைத் தணித்து வைக்கும் குடும்பத்தைப் போல அது தன் உடலைத் தணித்து வைக்கிறது.

நடுமாடி: நாளில் பாதி நேரம் நீரிலும் பாதி நேரம் காற்றிலும் இருக்கும் பகுதி. இங்கே காலைக் கிழிக்கும் கூர்மையான வெள்ளை விளிம்புகள் பாறைச் சிப்பிகள். சின்னஞ்சிறு எரிமலை போலக் குவிந்திருப்பவை கொட்டலசுகள், அதாவது பார்னக்கிள்கள். ஓடு இருப்பதால் இவற்றையும் சிப்பி என்று நினைப்போம். உண்மையில் இவை இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. குஞ்சாக நீந்தி வந்து, தலையைப் பாறையில் ஒட்டவைத்து, சுற்றிலும் சுவர் எழுப்பி, வாழ்நாள் முழுதும் தலைகீழாக இருந்து, கால்களை நீரில் வீசி உணவைப் பிடிக்கும் உயிரிகள். சார்ல்ஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டாண்டுகள் இவற்றை ஆராய்ந்தார். பரிணாமம் பற்றிய புகழ்பெற்ற நூலை அவர் வெளியிட்டது அதன் பிறகுதான், 1859-இல்.

கூம்புத் தொப்பி போன்ற ஓட்டுடன் பாறையை இறுகப் பிடித்திருக்கும் லிம்பெட் நத்தையைப் பார்த்தால் அதைப் பெயர்த்தெடுக்க முயலாதீர்கள். பாறையிலுள்ள பாசியைச் சுரண்டித் தின்னும் அதன் பற்களில் கோத்தைட் என்னும் இரும்புக் கனிமம் உண்டு. 2015-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், அதுவரை அறியப்பட்ட உயிர்ப்பொருள்களிலேயே இழுவிசையை மிக அதிகம் தாங்குவது லிம்பெட் பல் என்று அறிவித்தனர். லிம்பெட் வகைகளில் பல, மேயப் போனாலும் தன் ஓட்டின் அச்சு பதிந்த அதே இடத்துக்குத் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். விளிம்பு இம்மியும் பிசகாமல் பொருந்தினால்தான் ஈரம் வெளியேறாது. நீங்கள் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் வைத்தால் அதன் வீடு போய்விடும்.

கீழ்மாடி: அமாவாசை, பௌர்ணமி வற்றத்தில் மட்டும் சிறிது நேரம் வெளியே தெரியும் பகுதி. பழுப்புக் கடற்பாசி, பஞ்சுயிரி, கடல் சாமந்தி, துறவி நண்டு, கடல் அட்டை எல்லாம் இங்கே. கடல் அட்டையை நீங்கள் அறியாமல் இருக்கமாட்டீர்கள். நம் வீடுகளில் காயத்துக்குத் தடவும் காமாட் எண்ணெய் அந்த வகை உயிரியிலிருந்து வருவதுதான்.

எல்லையை வகுத்தது யார்?

மாணவர்களே, ஏன் ஒவ்வொன்றும் தன் மாடியிலேயே இருக்கிறது? யார் அவற்றுக்கு எல்லை வகுத்தது? இக்கேள்விக்கு ஜோசப் கானல் என்ற அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் ஒரு தீவுக் கரையில் விடை தேடினார். அங்கே இருவகைக் கொட்டலசுகள்: மேலே சிறியது, கீழே பெரியது. சிறியது கீழே வாழமுடியாததா, அல்லது வாழ விடப்படவில்லையா?

அவர் பாறையின் சில பகுதிகளில் பெரிய வகையை மட்டும் நீக்கிவிட்டுக் காத்திருந்தார். சிறிய வகை கீழேயும் நன்றாக வாழ்ந்தது. நீக்காத பகுதிகளில் பெரியது வேகமாக வளர்ந்து, சிறியதை நசுக்கியது; அடியில் புகுந்து பெயர்த்தது; மேலே மூடிக் கொன்றது. பெரிய வகையால் மேலே ஏற முடியாததற்குக் காரணம் வேறு: அது உலர்வைத் தாங்காது. இம்முடிவை அவர் 1961-இல் வெளியிட்டார். மேல் எல்லையைப் பெரும்பாலும் வெயிலும் உலர்வும் வகுக்கின்றன. கீழ் எல்லையைப் பெரும்பாலும் அண்டை வீட்டார் வகுக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் அவர் பார்த்த சிறிய வகைக்கு நம் பக்கத்தில் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அதன் பெயர் தாமலஸ் மலாயென்சிஸ். இதுவும் நம் நாட்டின் பெயரைச் சுமப்பதுதான்.

நான் செய்த தவறு

இனி உங்களிடம் ஒன்றைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் படிவ மாணவர்களுடன் இப்படி ஒரு பாறைக்கரைக்குப் போனேன். பேருந்தில் போகும்போது வாழிட மாற்றம், உணவுச் சங்கிலி எல்லாம் பாடமாகச் சொல்லிக்கொண்டே போனேன். கரையில் ஒரு தட்டையான கல்லைப் புரட்டிக் காட்டினேன். அடியில் ஈரம் சொட்டும் ஓர் உலகம்: சிறு நண்டுகள், முட்டைத் திரள், ஆரஞ்சு நிறப் பஞ்சுயிரி. பிள்ளைகள் கூவினார்கள். எனக்கும் பெருமை. அடுத்த கல்லுக்குப் போய்விட்டோம்.

இரண்டு மணி நேரம் கழித்து அதே வழியாகத் திரும்பினோம். புரட்டிய கல் புரட்டியபடியே வெயிலில் கிடந்தது. நண்டுகள் ஓடிவிட்டன. ஓடமுடியாத பஞ்சுயிரி வெளுத்திருந்தது. முட்டைத் திரள் காய்ந்து கல்லோடு ஒட்டியிருந்தது. ஒரு மாணவி கேட்டாள்: “சார், இதை நாமதானே புரட்டினோம்?” ஆமாம் என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அன்று இன்னொன்றும் நடந்தது. தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவன், தன் தங்கை கடலையே பார்த்ததில்லை என்பதால், தண்ணீர்ப் போத்தலில் நான்கைந்து துறவி நண்டுகளை அடைத்து எடுத்து வந்திருந்தான். பாதி வழியிலேயே பேருந்தில் நாற்றம். அந்தச் சிறு போத்தலில் மூச்சுக்காற்று தீர்ந்து எல்லாம் செத்துவிட்டன. அவன் அழுதான். அவன்மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. தங்கை மேலுள்ள அன்பால் அவன் செய்தான். பெருமைக்காக நான் செய்தேன். எடுக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லாததும் என் தவறு.

நான்கு நண்டு போனால் கடலுக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு அறிவியல் இரண்டு விடைகள் வைத்திருக்கிறது.

முதல் விடை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையிலிருந்து வருகிறது. ராபர்ட் பெயின் என்ற ஆய்வாளர் 1960-களில் ஒரு சிறு பாறைப்பகுதியிலிருந்து ஒரே ஒரு வகைக் கடல் நட்சத்திரத்தை மட்டும் தொடர்ந்து அகற்றிக்கொண்டே வந்தார். அந்த நட்சத்திரம் மட்டிகளைத் தின்பது. அது இல்லாமல் போனதும் மட்டிகள் பாறையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளின. 15 வகை உயிரினங்கள் இருந்த இடத்தில் 8 மட்டுமே எஞ்சின. 1966-இல் இதை வெளியிட்ட அவர், பிறகு இப்படிப்பட்ட உயிரினத்துக்கு ‘ஆதார உயிரினம்’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். கல்வளைவின் உச்சிக்கல்லை உருவினால் வளைவே சரிவதைப் போல என்பது உவமை.

இரண்டாவது விடை தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து. அங்கே லாஸ் குரூசஸ் என்னும் ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கடலாய்வு நிலையம், 1982 இறுதியில் தன் பாறைக்கரைக்குள் மனிதர் வருவதைத் தடுத்தது. வேறொன்றும் செய்யவில்லை. அதுவரை மக்கள் உணவுக்காகப் பொறுக்கிவந்த லோக்கோ என்னும் பெருநத்தை பெருகியது. அது மட்டிகளைத் தின்றது. சில ஆண்டுகளில் மட்டி மூடியிருந்த பாறையில் கொட்டலசுகள் இடம் பிடித்தன. வேலிக்கு வெளியே பழைய நிலையே நீடித்தது. அந்தக் கரையின் தோற்றத்தையே மாற்றிக்கொண்டிருந்தது மனிதரின் கை என்பது, கையை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

எந்த உயிரினம் உச்சிக்கல் என்பதைப் பார்த்தவுடன் சொல்ல முடியாது. தஞ்சோங் துவான் போன்ற சிறு கரையில், ஒரு விடுமுறை நாளில் வரும் ஒவ்வொருவரும் நான்கு எடுத்து, இரண்டு கல்லைப் புரட்டினால் என்ன ஆகும்? நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

தலைக்கு மேல் ஒரு ஜப்பான்

பாறையைக் குனிந்து பார்த்து முதுகு வலித்தால் நிமிர்ந்து வானத்தைப் பாருங்கள், குறிப்பாக மார்ச் மாதத்தில். சுமத்ரா பக்கமிருந்து தேன் பருந்துகள் கடலைக் கடந்து வந்துகொண்டிருக்கும். இவை சிறகடித்துப் பறப்பதைவிட, நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் மிதந்து உயர்வதையே விரும்புகின்றன. கடல்மேல் அந்தக் காற்று போதுமான அளவு எழாது. அதனால் நீரிணை குறுகிய இடத்தைத் தேர்ந்து கடக்கின்றன. இங்கிருந்து எதிர்க்கரை சுமார் 40 கிலோமீட்டர்தான். கரையை அடையும்போது களைத்துத் தாழ்வாகப் பறப்பதால் நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டு முதல் இங்கே பருந்து காணும் விழாவை நடத்திவருகிறது.

ஜப்பானிய ஆய்வாளர்கள் இப்பருந்துகளில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, ஜப்பானில் கூடு கட்டுபவை சீனா, மலாய்த் தீபகற்பம் வழியாக இந்தோனேசியா வரை வந்து திரும்புவது தெரிந்தது. ஒருவழிப் பயணமே ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். ஆக, நம் முனைக்காட்டின் மேல் நீங்கள் பார்க்கும் பருந்துகளில் சில ஜப்பான்வரை போகக்கூடும்.

அந்த ஜப்பானிலும் பாறைக்கரை உண்டு. ‘இசோ’ என்பார்கள். பழைய நாட்காட்டியின் மூன்றாம் மாதம் மூன்றாம் நாளில் குடும்பத்தோடு பாறைக்கரைக்குப் போய்க் கடலுயிர்களைப் பார்த்தும் பொறுக்கியும் களிப்பது அங்கே பழைய வழக்கம். மூன்றாம் நாள் என்பது அமாவாசையை ஒட்டி வரும். நீர் நன்றாக வற்றும் காலம். நாம் மேலே போட்ட கணக்குத்தான்! ஆனால் 1990-களில் அந்நாட்டு அரசு கணக்கெடுத்தபோது, மனிதர் கைபடாத இயற்கைக் கரை அங்கே ஏறத்தாழ பாதிதான் எஞ்சியிருந்தது. மீதியில் பெரும்பகுதி சிமெண்டுச் சுவரும் துறைமுகமும் நிரப்பிய நிலமும். அங்கே ஊர்ப்புறத்தில் ஒதுங்கிக் கிடக்கும் பாறைக்கரைகள் இன்று அருமையாகிவிட்டன. நமக்கும் அதே பாடம் காத்திருக்கிறது.

செய்து பாருங்கள்

ஒன்று: குவாட்ரட் ஆய்வு. கம்பியாலோ நான்கு மரச்சட்டத்தாலோ 50 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம் செய்யுங்கள். அதன் பரப்பு 0.25 சதுர மீட்டர். நடுமாடியில், இடத்தைத் தேர்ந்தெடுக்காமல் பத்து முறை வைத்து, உள்ளே இருக்கும் பாறைச் சிப்பிகளை எண்ணுங்கள். எடுத்துக்காட்டாகப் பத்து முறையும் சேர்த்து 180 என்றால், சராசரி 18. அதை 0.25-ஆல் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 72. பெயர்க்காமலே கணக்கெடுக்கலாம்.

இரண்டு: பாறைக் குட்டை. நீர் வற்றும்போது குழிகளில் தேங்கும் கடல்நீரின் வெப்பத்தை ஒவ்வோர் அரைமணிக்கும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடல்நீரோடு ஒப்பிடுங்கள். கடல்நீர் ஒரு கிலோவில் சராசரியாக 35 கிராம் உப்பு உண்டு. வெயிலில் குட்டைநீர் ஆவியானால் உப்பின் செறிவு கூடுமா, குறையுமா? திடீரென மழை பெய்தால்? பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்யும்போது குட்டையில் ஆக்சிஜன் என்னவாகும்? இரவில்? ஒரே நாளில் இத்தனை மாற்றத்தையும் தாங்கும் மீன்குஞ்சை நினைத்துப் பாருங்கள்.

மூன்று: படம். எடுத்துவரத் தோன்றினால் கைப்பேசியில் எடுங்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு பத்து சென் நாணயத்தை வைத்துப் படம் பிடியுங்கள். வீட்டிலிருக்கும் தம்பி தங்கைக்குக் காட்ட அது போதும். பிறகு நாணயத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

போகுமுன்

தனியாகப் போகாதீர்கள்; பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். இது காப்புக்காடு என்பதால் நுழைவு நேரம், அனுமதி பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சப்பாத்து போட்டே நடங்கள். சிப்பி விளிம்பு கத்தி போன்றது. பாசி படிந்த பாறை வழுக்கும். அழகான கூம்புச் சங்கைக் கண்டால் கையால் தொடாதீர்கள். சில வகைகளின் நஞ்சு உயிரையே எடுக்கும். நீர் திரும்பி ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். பசியாறக் கொண்டுபோன பொட்டலத்தையும் போத்தலையும் பையிலேயே திருப்பிக் கொண்டு வாருங்கள்.

ஒரு கல்லைப் புரட்டித்தான் பார்க்கவேண்டும் என்றால், மெதுவாகத் தூக்கி, அரை நிமிடம் பார்த்து, அடியில் நசுங்காதபடி அதே இடத்தில், அதே பக்கம் கீழே இருக்குமாறு திரும்ப வையுங்கள். இப்போதெல்லாம் நான் மாணவர்களை அழைத்துப் போகும்போது, கல்லைப் புரட்டுபவருக்குப் பக்கத்திலேயே இன்னொருவரை நிறுத்துகிறேன். அவருக்கு ஒரே வேலைதான்: முப்பது விநாடி எண்ணுவது. எண்ணி முடித்ததும் கல் தன் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

அடுத்த விடுமுறையில் பாறைக்கரைக்குப் போனால் மேல்மாடியில், வெயில் சுடும் பாறையில், அந்தச் சிறு நத்தையைத் தேடுங்கள். பார்த்தவர்கள் எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில், எத்தனை கண்டீர்கள் என்று உங்கள் அறிவியல் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அதே இடத்துக்கு அடுத்த ஆண்டும் போய் மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது, உங்கள் ஆய்வு தொடங்கிவிட்டது என்று பொருள்.